மாட்டுத் தரகரின் ஆறாம் வகுப்பு

“இந்தப் பாடம் எனக்கு வேண்டாம், வாத்தியாரே. அடுத்ததுக்குப் போ.”

சொன்னவர் பொங்கியண்ணன், மாட்டுத் தரகர். சந்தையில் அவர் குரல் உயர்ந்தால் கயிற்றில் நிற்கும் காளைகூடக் கால் மாற்றி நிற்கும். கேட்டுக்கொண்டிருந்தவர் யாக்கோபு, ஆறாம் வகுப்புக்கு ஆங்கில வாத்தியார். இதே பள்ளியில், இதே ஆறாம் வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இருவரும்.

மகள் வடக்கத்திப் பையனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, வாசலிலேயே இரண்டு பேரையும் விரட்டிவிட்டார் பொங்கியண்ணன். அப்புறம் அவள் ஊர்ப்பக்கமே வரவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், அவனையும் கூட்டிக்கொண்டு. அவனுக்குத் தமிழ் தெரியாது; ஆங்கிலம்தான் தெரியும்.

முதல் பருவத்தில் பிள்ளைகள் படிப்பதைத்தான் யாக்கோபு சொல்லிக்கொடுத்தார். வணக்கம் சொல்வது, தன் பெயர் சொல்வது, வழி கேட்பது. எல்லாம் வந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்கும் பாடத்தில் வண்டி நின்றுவிட்டது.

“நான் எதுக்குடா கேக்கோணும்? பொண்ணைக் கொண்டு போனவன் அவன்.”

“பாடத்துல இருக்குது.”

“அதை மட்டும் தள்ளிரு. பதிலுக்கு அடுத்த பருவத்துல ரெண்டு பாடம் சேத்திப் படிச்சுக்கறேன்.”

“இதென்ன மாடா, கன்னுக்குட்டியோட சேத்தி விலை பேச?”

தரகருக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து கதவுவரை போய்விட்டார்.

பக்கத்து அறையில் பிள்ளைகள் ஆங்கிலப் பாட்டை இழுத்து இழுத்துப் பாடின.

அதே ராகம்.

அன்று அந்த ஒரே பெஞ்சில், ஆடிக் காற்றில் ஜன்னல் கதவு படபடக்க, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல், வகுப்பிலேயே சத்தமாகப் பாடியவர் பொங்கியண்ணன்தான். பருவம் முடியுமுன் அப்பன் வந்து மாட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார்.

“நீ போனப்புறம் பாட்டுல சத்தமே இல்லடா,” என்றார் யாக்கோபு. “உன்ற இடத்துல ஒருத்தனையும் நான் உக்கார விடல.”

தரகர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

யாக்கோபு அவர் தோளிலிருந்த துண்டை உருவித் தன் கைமேல் போட்டு நீட்டினார்.

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கைவிட்டு, எதிராளியின் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். வாய் என்ன கத்தினாலும் விரல் சொன்னதுதான் பேச்சு.

பழக்க தோசம், பொங்கியண்ணன் கை தானாக உள்ளே போனது.

“நான்தான் உன்ற மாப்பிள்ளைன்னு வெச்சுக்க. உம்மவ மறுபடி உன் வாசப்படி ஏறோணும். அதுக்கு என்கிட்ட என்ன விலை கேக்கறே? பிடி.”

தரகரின் விரல்கள் ஒரு விரலைத் தொட்டன. விட்டன. இன்னொன்றைத் தொட்டன. அதையும் விட்டன.

பாட்டு முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடின.

துண்டுக்குள் அவர் கை சும்மா கிடந்தது.

“அந்த வார்த்தையைச் சொல்லுடா,” என்றார் பொங்கியண்ணன். “மெதுவாச் சொல்லு.”