இடது பக்கத்து ஹப்

"நீ மாட்டின ஹப்புதான் என் வீட்டுக்காரியைக் கொன்னுச்சு," என்றார் ஒச்சப்பன்.

அமலி வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். கையைத் துணியில் துடைத்தாள்.

"எந்தப் பக்கத்து ஹப் பெரியப்பா?"

"எதுவா இருந்தா என்ன? பூட்டினேன். பிடிக்கல. அவ போயிட்டா."

ஒச்சப்பன் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் டிரைவர். வயது ஐம்பத்தெட்டு. அந்த மலையில் அவர் ஓட்டாத பாதை கிடையாது, திட்டாத மெக்கானிக்கும் கிடையாது. அமலிக்கு முப்பத்தொன்று. அடிவாரத்தில் தனியாகப் பட்டறை வைத்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய பழைய ஜீப்பின் முன்சக்கரங்களில் ஹப் மாட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

ஹப் என்பது சக்கரத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் ஒரு திருகு மூடி. நல்ல ரோட்டில் அதைத் திறந்து வைத்தால் முன்சக்கரம் சும்மா உருளும், டீசல் மிச்சமாகும். சேறோ ஏற்றமோ வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பூட்ட வேண்டும். அப்போதுதான் நாலு சக்கரமும் இழுக்கும். ஒன்றைப் பூட்டி ஒன்றை விட்டால் முன்சக்கரம் இரண்டுமே இழுக்காது.

ஐப்பசி மழையில் ஒரு காலை அவர் மனைவி விருமாயிக்கு மார்வலி வந்தது. ஒச்சப்பன் அவளைப் பின்னால் படுக்க வைத்து மலையிறங்கினார். வழியில் ஓர் ஓடை. இறங்கி எதிர்க்கரை ஏற வேண்டும். ஏற்றத்தில் முன்சக்கரம் இழுக்கவில்லை. பின்சக்கரம் சேற்றில் குழி பறித்துக்கொண்டே போனது. டிராக்டர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. விருமாயியின் உயிர் அதற்குள் போய்விட்டது.

டிராக்டர்காரர்கள் இரண்டு ஹப்பையும் திறந்த நிலையில் வைத்து ஜீப்பை இழுத்து வந்தார்கள். அது அமலியின் பட்டறை வாசலில் நின்றது. பதினாறாம் நாள் காரியம் முடித்த கையோடு ஒச்சப்பன் வந்திருந்தார்.

"நான் கழட்டிப் பாத்துச் சொன்னா நம்புவீங்களா?" என்று கேட்டாள் அமலி.

"மாட்டேன்."

"அப்ப நீங்களே கழட்டுங்க." ஸ்பேனரை நீட்டினாள்.

"எனக்கு ஓட்டத்தான் தெரியும். இது தெரியாதே."

"கத்துக்கிட்டுக் கழட்டுங்க."

ஒச்சப்பன் அவளை முறைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

*

மறுநாள் முதல் அவர் காலை எட்டு மணிக்கு வந்தார். டிரைவர்கள் சிரித்தார்கள். பேரன் எடுக்கிற வயதில் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கிறார் என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருக்கு ஒரே ஒரு காரியம்தான். தப்பு ஹப்பில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஊர் பார்க்க அதைக் கையில் தூக்கிக் காட்ட வேண்டும்.

"என் வண்டியைக் கழட்டட்டுமா?"

"அது கடைசி."

"கிரீஸ் நிறைய வச்சா நல்லதா?"

"குளிர்ல இறுகிரும். பூட்டாது."

"கம்மியா வச்சா?"

"துரு பிடிக்கும்."

"எவ்வளவுதான் வைக்கச் சொல்ற?"

அமலி விரலில் கொஞ்சம் எடுத்து ஹப்புக்குள் இருக்கும் பல் வளையத்தில் தடவினாள். தடவியதைத் துணியால் பாதி துடைத்தாள். "இவ்வளவு."

அவர் அதே மாதிரி செய்தார். அமலி அதைத் துடைத்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னாள். பன்னிரண்டு தடவை.

ஒரு நாள் ஒரு ஜீப் வந்தது. ஏற்றத்தில் ஹப் நழுவுகிறது என்றார் டிரைவர். ஒச்சப்பன் கழற்றினார். உள்வளையத்தின் பற்கள் முனை மழுங்கி, சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தன.

"பாத்தியா! ஹப்பு ஏமாத்தும். நான் சொன்னேன்ல?" அவர் குரலில் சந்தோஷமே இருந்தது.

"பாத்தேன்," என்றாள் அமலி. "பூட்டின ஹப் பாரத்துல நழுவினா பல்லு இப்படித்தான் ஆகும். நல்லாப் பாத்து வச்சுக்கங்க."

அவர் நன்றாகவே பார்த்து வைத்துக்கொண்டார்.

இன்னொரு நாள் பழைய டியூப்பை வட்டமாக வெட்டி மூடிக்கு உள்ளே பொருத்தினார். சேறு உள்ளே போகாமல் தடுக்க அவருக்கே தோன்றிய யோசனை அது. அமலி தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

"இது எனக்குத் தோணாமப் போச்சே பெரியப்பா."

"இனிமே வர்ற வண்டிக்கெல்லாம் போட்டு விடு. இன்னொருத்தன் வீட்டுல இப்படி ஆகக் கூடாது."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அன்று அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

அமலியும் சரியாகச் சாப்பிட்டு நாளாகிவிட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஹப்பைப் பற்றி அவர் தோட்டம் முழுக்கப் பேசியதில் பாதி வண்டிகள் வேறு பட்டறைக்குப் போய்விட்டன. அதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. வாசலில் நிற்கும் ஜீப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே நினைப்புதான். மாட்டியது அவள் கைதானே. ஒருவேளை தவறியிருந்தால்?

*

அவர் பட்டறைக்கு வரத் தொடங்கிய நாற்பதாம் நாள் காலை அமலியே சொன்னாள்.

"இன்னைக்கு உங்க வண்டியைக் கழட்டுங்க."

ஒச்சப்பன் ஜீப்பின் வலது பக்கம் உட்கார்ந்தார். கழற்றினார், துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறை எதுவும் இல்லை. திரும்ப மாட்டினார்.

இடது பக்கம் போனார். ஆறு போல்ட். மூடி. ஸ்பிரிங். வளையம்.

வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அமலி பக்கத்தில் வந்து குனிந்தாள். பற்கள் அத்தனையும் முழுசாக இருந்தன. மாட்டிய அன்று இருந்த மாதிரியே. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது அவளுக்கு.

பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தப்பு என்மேலதான் பெரியப்பா," என்றாள். "ஸ்பிரிங்கை மாத்திப் போட்டிருக்கேன். அதான் பிடிக்கல."

அவர் ஸ்பிரிங்கை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"சரியான ஸ்பிரிங்குதான்."

"இல்ல, இது..."

"நாப்பது நாளைக்கு முன்னாடி சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் தாயி. நீதான் கத்துக் குடுத்துட்டியே."

அமலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நழுவலை. நழுவியிருந்தா பல்லு போயிருக்கும்," என்றார். "பூட்டியிருந்தா பிடிச்சிருக்கும். பூட்டினேனே. இறங்கி, மழையில நனைஞ்சு, பூட்டிட்டுத்தானே ஏறினேன்."

அமலி மூடியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அப்ப ஏன் பிடிக்கல?"

"மாட்டுங்க பெரியப்பா," என்றாள் மெதுவாக. "மாட்டிப் பூட்டிப் பாருங்க."

வளையம். ஸ்பிரிங். மூடி. ஆறு போல்ட். முறுக்கி முடித்துவிட்டு, மூடியைத் திருப்பக் கையை வைத்தார். கை நின்றது. வலது பக்கத்து மூடி எவ்வளவு இறுக்கம், எங்கே சொடுக்கும் என்று அவர் விரலுக்குத் தெரியும். இந்த மூடி எந்தப் பக்கம் திரும்பும் என்றே அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு வருஷமாகத் தன் வண்டியில் இருக்கும் ஹப் அது.

"இதை நான் ஒரு தடவைகூடத் திருப்பினதில்ல," என்றார்.

"பின்ன யாரு?"

"விருமாயி. எப்பவும் முன்சீட்டுல கூடவே வருவா. ஓடைகிட்ட வண்டி நின்னா நான் என் பக்கம் இறங்குவேன், அவ அவ பக்கம் இறங்குவா. பேசிக்கறதுகூட இல்ல."

அமலி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அவ பின்னால படுத்துக் கிடக்கா. எப்பவும் போல என் பக்கத்தைப் பூட்டிட்டு ஏறினேன். ஏறி உக்காந்து..."

"போதும் பெரியப்பா."

"அவ பூட்டிட்டு வந்து ஏற எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் காத்திருந்துட்டுத்தான் தாயி வண்டியை எடுத்தேன்."