மதகடியில் ஒரு விரிசல்

ஒரு பெரிய ஏரியில் கொக்குகள் ஆய்வுச் சபை ஒன்றை நடத்தி வந்தன. நீரின் ஆழத்தையும் கரையின் பலத்தையும் ஆராய்ந்து சொல்வது சபையின் வேலை. உறுப்பினர்கள் எல்லோரும் வெள்ளை வெளேரென்ற ஆண் கொக்குகள். ஆனால் யாருக்கும் மூழ்கத் தெரியாது. அதனால் மையாள் என்ற கறுப்புப் பெண் நீர்க்காகத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்குக் கிடைத்த இடம் கடைசி வரிசைக்கும் பின்னால்.

மழைக்காலம் நெருங்கியபோது, பழைய மதகுக்கு அடியில் மையாள் ஒரு விரிசலைக் கண்டாள். அலகை நுழைத்தால் கழுத்துவரை உள்ளே போனது. மதகை ஒட்டிய மரத்தில்தான் அவள் கூடு இருந்தது. அதில் இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள்.

அவள் பதறிப்போய்ச் சபையில் சொன்னாள். தண்ணீருக்குள் தன் நிழலையே பார்த்துப் பயந்திருப்பாள் என்று ஒரு கொக்கு சிரித்தது. குஞ்சுகளை யாரிடம் விட்டு வந்தாய் என்று இன்னொன்று கேட்டது.

"குஞ்சு பொரித்தவளுக்கு எல்லாமே ஆபத்தாகத்தான் தெரியும்" என்று தலைவர் வெண்குரு பேச்சை முடித்துவிட்டார்.

மறுநாளும் சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் நெடுங்காலன் என்ற இளம் கொக்கு எழுந்து, கரையில் விரிசல் இருப்பதைத் தான் கண்டுபிடித்திருப்பதாக அறிவித்தான். சபையே சிறகு தட்டியது. 'ஏரி அறிஞர்' என்று பட்டமும் கொடுத்தார்கள். விரிசல் எங்கே என்று கேட்டபோது, தான் நின்றிருந்த மேற்குக் கரையைக் காட்டினான்.

"அங்கே இல்லை, மதகுக்கு அடியில். நான் தொட்டுப் பார்த்தேன்" என்றாள் மையாள்.

"பொறாமைக்கு ஆய்வு என்று பேர் வைக்காதே" என்றார் வெண்குரு.

கொக்குகள் மேற்குக் கரையில் களிமண் அப்பின. மையாள் தனியாளாக அலகில் மண் சுமந்து விரிசலை அடைத்தாள். அடைக்க அடைக்கத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போனது.

நான்காம் நாள் கொட்டிய மழையில் மதகு உடைந்தது. மரம் வேரோடு சாய்ந்தது. செம்மண் வெள்ளத்தில் மூழ்கி மூழ்கித் தேடியவளுக்கு ஒரு குஞ்சுதான் கிடைத்தது. அதற்கும் மூச்சில்லை. மாலைக்குள் ஏரி வெறும் சேறானது. மீன்களும் போய்விட்டன.

வெண்குரு வந்து, "நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

மையாள் குஞ்சைக் கீழே வைத்தாள். "நான் சொன்னது உங்கள் காதில் விழுந்தது. விழாமலா, அதையே திருப்பிச் சொன்ன நெடுங்காலனுக்குப் பட்டம் கொடுத்தீர்கள்?"

வெண்குரு பறந்துபோனார். கொக்குகள் வேறோர் ஏரிக்குப் போய்ப் புதிய சபை தொடங்கின. அதிலும் கொக்குகள் மட்டுமே இருந்தன.

சொல்பவரின் நிறத்தையும் பாலினத்தையும் பார்த்து உண்மையைத் தள்ளிவைத்தால் ஊரே அழியும். அதிலும் முதலில் அழிவது உண்மையைச் சொன்னவரின் வீடுதான்.