மூன்று முறை கொதித்த வண்டி

மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரிக்கு ஏறுகிற சாலையோரம் ஒரு மெக்கானிக் பட்டறை. அங்கே குருவுக்கு வயது முப்பத்தொன்று, பெயர் ரெஜினா. சீடருக்கு ஐம்பத்தொன்பது, பெயர் தணிகாசலம். பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் வெப்பவியல் நடத்திவிட்டு வந்தவர்.

சீடர் குருவை மேஸ்திரி என்பார். குரு சீடரை சார் என்பார்.

ஒரு மத்தியானம் டிரைவர் முபாரக் வண்டியை உள்ளே விட்டார். பானெட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"மறுக்காவும் கொதிச்சிருச்சுங்க்கா. இதோட மூணு."

கோத்தகிரி டீச்சரம்மா ஒருவரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கோவை கூட்டிப்போய் வருகிற வண்டி அது. அடுத்த முறை நாளைக் காலை.

"போறப்ப இறக்கம், சமர்த்தா போகுது. வர்றப்ப ஏத்தத்துல சூடு காட்டுற முள்ளு மேல ஏறிருது. ஆஸ்பத்திரியில இருந்து வர்றவங்க, பாதி மலையில கல்லு மேல உட்கார்ந்திருக்காங்க. அவங்க எனக்கு ஆறுதல் சொல்றாங்க."

சீடர் குருவிடம் கேட்டார். "இன்ஜின் ஏன் மேஸ்திரி சூடாகுது?"

"வேலை செய்யுதில்ல சார்."

"இவ்வளவு ஏன்?"

"போன ரெண்டு தடவையும் நீங்க என்னென்ன பார்த்தீங்க?"

சீடர் தொண்டையைச் செருமினார். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல்.

"கூலன்ட் அளவு சரி. ஒழுகல் இல்லை. ரேடியேட்டர் அடைப்பு எடுத்தாச்சு. மூடி நல்லா பிடிக்குது. தெர்மோஸ்டாட் புதுசு. வாட்டர் பம்ப்பைக் கழட்டியே பார்த்துட்டேன். மிச்சம் இன்ஜினுக்குள்ள இருக்கிற ஹெட் கேஸ்கெட்தான். இன்ஜினைப் பிரிச்சுடலாம்."

"பிரிச்சா எத்தனை நாளுங்க சார்?" என்றார் முபாரக்.

"நாலு நாள்."

"டீச்சரம்மா உடம்பு நாலு நாள் தாங்காதுங்க. காலையில அந்நேரத்துக்கு மலையில வேற வண்டியும் கிடைக்காது."

குரு கேட்டார். "ஃபேன்?"

"முதல் தடவையே மோட்டார் எரிஞ்சிருந்தது. நான்தான் புதுசு போட்டேன். விர்ருன்னு சுத்துது."

குரு வண்டியை ஆறவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து, ஆவியாகிக் குறைந்த அளவுக்குக் கூலன்ட் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஃபேன் ஓடுவதற்காக ஏசியைப் போட்டார். ஃபேன் நல்ல பிள்ளையாகச் சுற்றியது.

பழைய செய்தித்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்துச் சீடரிடம் நீட்டினார்.

"இதை முன்பக்க கிரில் மேல வச்சுட்டு, கையை எடுங்க சார்."

சீடர் வைத்தார். கையை எடுத்தார். காகிதம் பறந்து அவர் நெஞ்சிலேயே வந்து அடித்தது.

இன்னொரு முறை வைத்தார். இந்த முறை மூக்கில்.

"காத்தை உள்ளயில்ல இழுக்கணும்?" என்றார் முபாரக், மெதுவாக.

சீடர் இன்ஜினை அணைத்துவிட்டுக் குனிந்தார். தான் முடிச்சுப் போட்ட இரண்டு வயர்களையும் பார்த்தார். நிமிர நேரமானது.

"வயரை மாத்திக் கொடுத்திருக்கேன். ஃபேன் எதிர்ப்பக்கமா சுத்துது." முதல் பெஞ்சுக்கே கேட்டிருக்காது.

"கிளட்ச்சுல காலை வச்சே ஓட்டுறேன்னு போன தடவை என்னைக் குறை சொன்னீங்களே சார்" என்றார் முபாரக்.

"சொன்னேன். தப்பு என்னோடது."

சீடரே வயர்களை மாற்றினார். காகிதம் கிரில்லில் போய் ஒட்டிக்கொண்டது.

முபாரக் மலைப்பாதையில் குஞ்சப்பனை வரை ஏறிவிட்டுத் திரும்பி வந்தார். முள் பாதியைத் தாண்டவில்லை. டீச்சரம்மாவுக்குப் போன் போட்டு, காலையில் எப்போதும்போல வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சீடர் வெகுநேரம் கை கழுவினார்.

"மேஸ்திரி, இனிமே நான் எந்த வண்டியைத் தொடட்டும்?"

குரு மூலையில் நின்ற ஜீப்பைக் காட்டினார்.

"அதுல என்ன கோளாறு?"

"ஒண்ணும் இருக்காது சார். நேத்து நான்தான் பார்த்து முடிச்சேன். அதனாலதான் நீங்க ஒரு தடவை பார்க்கணும்."