சுவரைப் பார்த்து நின்றவர்

நல்லாற்றூர் ஆஸ்பத்திரியில் விடியுமுன்னே நோயாளிகளின் பெட்பேன் கழுவும் ஓசை கேட்டால், அது உலகம்மாள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். நர்சிங் முதல் வருட மாணவி அவர். தாயார் பீடி சுற்றிப் படிக்க அனுப்பிய பிள்ளை. ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்க்கும்போது அவ்வூர் இறைவனாகிய நோய்தீர்த்தநாதரை நினைப்பார். முதல் வருடத்தாருக்கு வெளியே போக அனுமதியில்லை. ஆகவே கோயில் மணிச் சத்தமே அவருக்குத் தரிசனம்.

மாணவிகள் தங்கும் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. மூத்த மாணவி எதிரே வந்தால் இளையவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும். முகத்தைக் காட்டக் கூடாது. யார் கண்டுபிடித்த கொடுமையோ! நிற்க வைத்தவர்களும் ஒரு காலத்தில் அப்படி நின்றவர்கள்தாம். இறுதி வருடத்துச் சங்கரவடிவுக்கு உலகம்மாளின் திருநீற்றைக் கண்டாலே ஆகாது. "சாமியாரம்மா, என் துணியையும் தொவச்சு அருள் பண்ணுங்க" என்பார், கூட்டம் சிரிக்கும். உலகம்மாள் துவைப்பார். தம் உடையைக் காயவைக்க நேரமின்றி ஈரத்தோடு உடுத்திக்கொண்டு வார்டுக்குப் போவார். அதற்கும் அங்கே ஏச்சு விழும். வார்டனிடம் சொன்னால், "நாங்களும் இப்படித்தாம்மா படிச்சு வந்தோம்" என்பதே பதில்.

அடியாராகிய உலகம்மாள் சோர்ந்து போனார். பொய் சொல்வானேன், பக்தி இருந்தால் கால் வலிக்காதா என்ன! கோயில் திருவிழாவில் சாமியைத் தோளில் சுமந்துவரும் சப்பரம் ஆஸ்பத்திரி முன்வாசல் வழியாக வரும். அதற்கு முந்தின நாள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, "நாளைக்கு ஒரு தடவ முகத்தக் காட்டும். இல்லன்னா ஊருக்கே போயிருதேன், என்னால முடியல" என்று அழுதார்.

மறுநாள் மாலை எல்லாரும் முன்வாசலுக்கு ஓடினர். உலகம்மாளும் படியிறங்கினார். எதிரே சங்கரவடிவு வந்ததை அசதியில் கவனிக்காமல் நடந்துவிட்டார்.

"ஏட்டி, கண்ணு தெரியலையோ? பின்னால போயி மதிலப் பாத்து நில்லு. நான் சொல்லுத வரைக்கும் திரும்பப்பிடாது."

"அக்கா, சாமிய மட்டும் பாத்துட்டு வந்து நிக்கேங்க்கா."

"மதில்லயே பாரு, தெரிவாரு."

துணி துவைக்கும் கல்லருகே, பாசி பிடித்த ஆளுயர மதிலைப் பார்த்து நின்றார். மேளம் எங்கோ கேட்டது. கண்ணீரைத் துடைக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

அன்று காலைதான் முன்தெருவில் குழாய் உடைந்து ஒரே சேறு. சப்பரம் தூக்கியவர்கள் கால் வைக்கப் பயந்து பின்சந்துக்குள் திரும்பிவிட்டார்கள். மேளம் நெருங்கிற்று. மதிலுக்கு அப்பால், "நில்லுங்கய்யா, தோள் மாத்திக்கிடுவோம்!" என்று ஒரு குரல். மதிலுக்கு மேலே, மாலையும் தீபமுமாக, நோய்தீர்த்தநாதர் வந்து நின்றார். நேருக்கு நேர். அடியார் திரும்ப வேண்டியிருக்கவே இல்லை.

"என்னைத் தேடி இங்கயா வந்தீரு?" என்று விம்மினார் உலகம்மாள். குருக்கள் எட்டிப் பார்த்து, மதிலுக்கு மேலே கை நீட்டித் திருநீறு கொடுத்தார்.

முன்வாசலில் காத்திருந்தவர்கள் ஓடி வருவதற்குள் சப்பரம் போய்விட்டது. அடியார் கையிலிருந்த திருநீற்றைப் பார்த்த சங்கரவடிவு மன்னிப்புக் கேட்கவில்லை. உலகம்மாள் போய்ப் பெட்டியை அவிழ்த்தார்.

அடுத்த வருடம் புதிதாக வந்த ஒரு பெண் அவரைக் கண்டதும் பதறிச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். உலகம்மாள் அவள் தோளைப் பிடித்துத் தம் பக்கம் திருப்பினார்.

"என் மூஞ்சியப் பாத்துப் பேசுட்டி. சாப்ட்டியா?"

பட்டதைப் பிறருக்குத் திருப்பிக் கொடுக்காத அந்தக் களைத்த கைகளுக்கு நம் வணக்கம்.