கஸ்பார் வீட்டு வாசல்

கடல்மேல் ஆணை, இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் வலையில் இனி ஒரு சாளைகூட விழ வேண்டாம்!

எங்கள் கரையில் இரண்டாவது அனல்மின் நிலையம் கட்டுவதற்காக, கலெக்டர் முன்னிலையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கம்பெனி நிபுணர் விசுவேசுவரன் மைக்கைப் பிடித்தார்.

"நிலக்கரிப் புகையால பூமி சூடாகுது, கடல் ஏறுதுங்கிறதெல்லாம் புரளி. கடல் ஒரு சாண்கூட நகரலை."

படகில் கூலிக்குப் போகும் கஸ்பார் எழுந்தான். "என் வீட்டையே கடல் கொண்டுபோயிடுச்சுங்க ஐயா."

"அப்படியா? உன் வீட்டு வாசல்ல என்னைக் கொண்டுபோய் நிறுத்து. நிறுத்திட்டா கம்பெனி இந்த ஊரை விட்டே போயிடும். இல்லேன்னா வாயை மூடிக்கிட்டுச் சம்மதக் கையெழுத்துப் போடு."

இல்லாத வீட்டுக்கு வாசலை எங்கே தேடுவது என்று கூட்டம் முணுமுணுத்தது. கஸ்பார் மட்டும், "வாங்க ஐயா" என்று கலெக்டரையும் சேர்த்துப் படகில் ஏற்றினான்.

மீன் கிடைக்கும் இடத்தைக் கரையிலுள்ள அடையாளங்களை வைத்துக் கண்டுபிடிக்கிறவன் அவன். மாதா கோயில் கோபுரத்துக்குப் பின்னால் பழைய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி மறைந்ததும் மோட்டாரை நிறுத்தினான்.

"வந்தாச்சு. இறங்குங்க ஐயா."

விசுவேசுவரன் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "யோவ், இது கடல்யா!"

"அதைத்தானே ஐயா நாங்களும் சொல்றோம்."

கலெக்டர் பழைய வரைபடத்தை விரித்தார். அந்த இடத்தில் 'மாதா தெரு' என்று இருந்தது. 'இது கடல்' என்று நிபுணர் சொன்னதைக் கலெக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். கஸ்பார் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டான்; அவன் பிள்ளைகள் பிறந்த வீடு அது.

கம்பெனி போய்விட்டது. ஆனால் நேற்று என் வீட்டுப் படியும் கடல் தண்ணீரில் நனைந்தது. அடுத்த நிபுணர் என் வாசலைக் கேட்டு வந்துவிடுவார். அதனால் இதைச் சொன்னது யாரென்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.