கயிறு பிடித்து நின்றவன்

எனக்கு முதலில் தீங்கு செய்தவன் பூதப்பாண்டி. அவன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போவேன்.

அவன் தோட்டத்துக் கிணற்றுச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்து, அதன் வேர் கல்லைப் பிளந்துகொண்டிருந்தது. அதை வெட்ட என்னையும் என் அக்கா மகன் வண்ணமுத்துவையும் கூப்பிட்டான். வண்ணமுத்து இடுப்பில் கயிறு கட்டி இறங்க வேண்டும். மேலே நான் பிடிக்க வேண்டும். கயிற்றைக் கட்டி வைக்க அங்கே மரமோ தூணோ கிடையாது.

"மேல இன்னொரு ஆள் வேணும்" என்றேன்.

"எதுக்கு வே? சும்மா நிக்கிற வேலதான?" என்று சிரித்துவிட்டு, பூதப்பாண்டி தன் மகனையும் அழைத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டான்.

வண்ணமுத்து பாதிக் கிணற்றில் தொங்கியபோது, கொசுவை விரட்டப் போட்டிருந்த புகைமூட்டத்திலிருந்து, தோட்டத்து மூலையில் இருந்த அவன் ஆட்டுக்கொட்டிலின் ஓலை பற்றிக்கொண்டது. உள்ளே ஆடும் இரண்டு குட்டிகளும் கட்டிக் கிடந்தன. நான் கூச்சல் போட்டேன். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை.

"என்ன மாமா சத்தம்?" கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கொட்டில் எரியுதுடே. பதறாம ஏறி வா."

"கயித்த விட்டுட்டு ஓடிராதீங்க மாமா!"

கல்லெல்லாம் பாசி. ஒவ்வொன்றாகக் கால் பதித்துத்தான் அவனால் ஏற முடிந்தது. நான் ஆடு கத்துவதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அவன் தலை மேலே தெரிவதற்குள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

சந்தையிலிருந்து திரும்பிய பூதப்பாண்டி, கூடியிருந்த ஊரார் முன்னால் கத்தினான்: "எரியுறத வேடிக்கையா பாத்துக்கிட்டு நின்னீரு? சோம்பேறி!"

"மாமா நகந்திருந்தா நான் செத்திருப்பேன்" என்றான் வண்ணமுத்து.

"ஒன் உசுருக்கு அவரு காவல். என் ஆட்டுக்கு யாருடா காவல்?"



படிக்கிறவர்களே, சும்மா நிற்பது ஒன்று, நகர முடியாமல் நிற்பது இன்னொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அன்று நான் நின்றது எது? பூதப்பாண்டி சொன்னது சரியா, வண்ணமுத்து சொன்னது சரியா?

விடை: சும்மா நிற்கிறவன் இடத்தைவிட்டுப் போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நான் போயிருந்தால் ஒருவன் விழுந்திருப்பான். ஆகவே வண்ணமுத்து சொன்னதே சரி. ஆட்டைக் காப்பாற்றியிருக்க வேண்டியவன், நான் கேட்டும் கிடைக்காத அந்த இன்னொரு ஆள். இது பூதப்பாண்டிக்கும் தெரியும். ஆனாலும் ஊர் இன்றுவரை என்னைச் சோம்பேறி என்றே கூப்பிடுகிறது. பத்துப் பேர் முன்னால் சொன்ன சொல்லை அவன் பத்துப் பேர் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னும் எடுக்கவில்லை.