அமோனியாவும் நாலு பேர் பெஞ்சும்

கெமிஸ்ட்ரி பிராக்டிகல் பரீட்சைக்கு வெளிக்கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினராக வந்த பேராசிரியர் கனகசபாபதி, மாணவர்களைத் தன் பெஞ்சிலேயே உட்காரவைத்துத்தான் கேள்வி கேட்பார். நாலு பேர் பெஞ்சில் அவரும் அவர் பையுமே பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ள, மூன்று பேர் மீதியில் நசுங்கினார்கள்.

ஓரத்தில் பாதி தொங்கிக்கொண்டிருந்த இசக்கியப்பனைப் பிடித்தார். "அமோனியாவில நைட்ரஜனைச் சுத்தி நாலு இனக்கலப்பு ஆர்பிட்டால், அதாவது எலக்ட்ரான்களுக்கு நாலு இடம். சமமா இடம் பிரிச்சா நடுவில கோணம் நூத்தி ஒன்பதரை டிகிரி இருக்கணும். ஏன் நூத்தி ஏழாச்சு? எழுதாம, வரையாம கண்ணுக்குக் காட்டு. இல்லேன்னா ஃபெயில்!"

"நீங்க அப்படியே உக்காந்திருந்தா போதும் சார். நாங்க மூணு பேரும் ஹைட்ரஜன். நாலாவது இடத்துல இருக்கிறது தனித்த எலக்ட்ரான் ஜோடி. அது யாரோடயும் சேராது. ஆனா தன் பங்குக்கு மேல இடத்தைப் பிடிச்சிக்கிட்டு மத்தவங்கள நெருக்கும்."

லேப்பே சிரித்தது. கனகசபாபதி பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒதுங்கினார்.

இசக்கியப்பன் நன்றாக நகர்ந்து உட்கார்ந்தான்.

"இப்ப நூத்தி ஒன்பதரை, சார்."